நீதிபதியின் கடைசி ஆறு மாதங்கள்: சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை தலைமை நீதிபதி அவர்களுக்கும், உயர் நீதிமன்ற நிர்வாகப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் மாண்பமை நீதிபதிகளுக்கும் வணக்கம்.

மதுரை அமர்வில் பதின்மூன்று ஆண்டுகளாக வழக்காடி வருபவள் நான். அதற்கு முன்பு, சட்டக் கல்லூரியை விட்டு வெளியே வந்த ஆண்டில், வேறொரு மாநிலத்தின் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவரிடம் சட்ட ஆய்வு உதவியாளராக, வழக்கறிஞர்கள் பேசிக்கொள்ளும் சொல்லில் லா கிளார்க்காக, நான்கரை மாதங்கள் பணியாற்றினேன். ஓராண்டு என்று கையெழுத்திட்ட பணி நான்கரை மாதங்களில் முடிந்தது. அந்த நவம்பரில் நீதிபதிக்கு 62 வயது நிறைந்தது, அவ்வளவுதான் காரணம். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் எனக்குப் பணி இல்லை. எனக்கு நேர்ந்தது சிறிய இழப்புதான், அதை நான் என்றோ கடந்துவிட்டேன். ஆனால் அந்த அறையில் தீர்ப்புக்காகக் காத்திருந்த வழக்குகளுக்கு நேர்ந்தது என் மனத்தைவிட்டு இன்றுவரை அகலவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நீதிபதியின் ஓய்வுத் தேதி, அவருக்கு உதவியாளர்களை நியமிக்கும் தேதி, அவர் முன் பட்டியலிடப்படும் இறுதி விசாரணை வழக்குகள் ஆகிய மூன்றையும் ஒரே நாட்காட்டியில் வைத்துத் திட்டமிட வேண்டும். இன்று இவை மூன்றும் மூன்று வெவ்வேறு மேசைகளில் முடிவாகின்றன. ஒரு மேசையில் முடிவானது மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை.

நம் நாட்டில் நீதிபதியின் ஓய்வுத் தேதியைப் போல உறுதியான தேதி வேறொன்று இருப்பது அரிது. அரசமைப்புச் சட்டத்தின் 217-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயது வரையிலும், 124-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயது வரையிலும் பதவி வகிக்கலாம். உயர் நீதிமன்றத்தில் 60 என்று இருந்த வயதை 62 ஆக்கியது 1963-ஆம் ஆண்டின் பதினைந்தாம் திருத்தம். அதை 65 ஆக்குவதற்காக 2010-இல் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறாமலே, 2014-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. பதவி நீட்டிப்பு என்பது இல்லை. 62-ஆம் பிறந்த நாளுக்கு முந்தைய நாள் கடைசி நாள். பதவியேற்பு உறுதிமொழி எடுக்கும்போதே பத்தாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் அந்த நாள் எந்தக் கிழமையில் வருகிறது என்றுகூடக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். இந்தியத் தலைமை நீதிபதியாக கமல் நாராயண் சிங் 1991-இல் 17 நாட்களும், யு.யு.லலித் 2022-இல் 74 நாட்களும் மட்டுமே இருக்கப் போகிறார்கள் என்பது அவர்கள் பொறுப்பேற்ற அன்றே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. அங்குள்ள உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஓய்வு வயது கிடையாது. விரும்பும்வரை பதவியில் இருக்கலாம். ஆகவே யார் எப்போது விலகுவார் என்பதை அறிய வழியில்லாமல், அந்த நாட்டின் செய்தியாளர்கள் நீதிபதிகள் அடுத்த ஆண்டுக்கு உதவியாளர்களை நியமித்துவிட்டார்களா என்பதைக் கவனித்து வந்தார்கள். 2009-இல் டேவிட் சூட்டர் அடுத்த அமர்வுக்கு உதவியாளர்களை எடுக்காமல் இருந்ததை ஓய்வின் அறிகுறியாகப் படித்தார்கள். அந்த ஆண்டே அவர் விலகினார். அதே ஆண்டின் பிற்பகுதியில் ஜான் பால் ஸ்டீவன்ஸ் வழக்கத்துக்கு மாறாக அடுத்த ஆண்டுக்கு ஒரே ஓர் உதவியாளரை மட்டும் எடுத்திருக்கிறார் என்ற செய்தி வெளிவந்தது. 2010 ஏப்ரலில், தம் தொண்ணூறாவது பிறந்த நாளுக்குப் பதினொரு நாட்கள் முன்பு, ஓய்வை அறிவித்தார். பதவியில் இருக்கும் நீதிபதி நான்கு உதவியாளர்களை வைத்துக்கொள்ளலாம், ஓய்வு பெற்றவருக்கு ஒருவர்தான் என்பது அங்குள்ள ஏற்பாடு. எனவே ஒருவரை மட்டும் எடுத்ததற்கு ஒரு பொருள் இருந்தது.

அந்த நாட்டைப் பார்த்து நாமும் அப்படியே செய்ய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே தேதி நிச்சயமில்லை, ஆனாலும் உதவியாளர் நடுத்தெருவில் நிற்பதில்லை என்பதற்காகவே சொல்கிறேன். நீதிபதி பைரன் வைட் தேர்ந்தெடுத்த உதவியாளர் ஒருவர், வைட் 1993-இல் ஓய்வு பெற்றபின், ஓய்வு பெற்ற அவருக்கும் பதவியில் இருந்த நீதிபதி ஆண்டனி கென்னடிக்குமாகச் சேர்ந்து அந்த ஆண்டு முழுதும் பணியாற்றினார். நீல் கோர்சச் என்ற அந்த இளைஞர் 2017-இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதியாகி, கென்னடியோடு ஒரே ஆயத்தில் அமர்ந்தார். 2016 பிப்ரவரியில் நீதிபதி அன்டனின் ஸ்காலியா எவரும் எதிர்பாராமல் காலமானபோதும், அவருடைய உதவியாளர்களை மற்ற நீதிபதிகள் தங்கள் அறைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். எதிர்பாராத மரணத்துக்கே அவர்களால் ஓர் ஏற்பாடு செய்ய முடிந்திருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்த தேதிக்கு நம்மால் ஏன் முடியவில்லை?

நான் கண்டதைச் சொல்கிறேன். எந்த நீதிமன்றம், எந்த நீதிபதி என்பது இங்கே தேவையில்லை. அவர் நேர்மையானவர், உழைப்பாளி, என்னிடம் ஒருநாளும் கடிந்து பேசாதவர்.

ஜூலையில் சேர்ந்தேன். விளம்பரத்திலோ நேர்காணலிலோ என்னை எந்த நீதிபதியிடம் அனுப்பப் போகிறார்கள், அவருக்கு இன்னும் எத்தனை மாதங்கள் இருக்கின்றன என்று யாரும் சொல்லவில்லை. சேர்ந்த மூன்றாம் வாரத்தில் அவருடைய தனிச் செயலர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உதவியாளராக இருக்கும் காலத்தில் வழக்காடக் கூடாது என்பதால், பார் கவுன்சில் பதிவை நிறுத்தி வைத்துவிட்டு வந்திருந்தேன். சொந்த ஊரில் ஒரு சீனியர் தருவதாகச் சொன்ன இடத்தையும் விட்டிருந்தேன். முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் நான் சேர்ந்திருப்பேன் என்றே நினைக்கிறேன். ஆனால் தெரிந்து சேர்வது வேறு, மூன்றாம் வாரத்தில் தெரிந்துகொள்வது வேறு.

அக்டோபர் பிறந்ததும் அந்த அறையின் சூழ்நிலையே மாறியது. ஓய்வு பெறப் போகும் நீதிபதியிடம் இருக்கும் ஊழியர்களுக்குத் தங்களை அடுத்து எங்கே போடுவார்கள் என்ற கவலை வருவது இயல்பு. சுருக்கெழுத்தர் இரண்டு வாரம் முன்னதாகவே வேறு நீதிபதியிடம் மாற்றல் வாங்கிக்கொண்டார். புதிதாக வந்தவருக்கு நீதிபதியின் உச்சரிப்புப் பழகவே நாளாயிற்று. அதே மாதத்தில்தான், வாதங்கள் முடிந்து, தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்புகளின் கட்டுகள் சுவரோரம் உயர்ந்துகொண்டே போயின. காலையில் புதிய வழக்குகள், மாலையில் பிரிவுபசாரத்துக்கான அழைப்புகள், இரவு ஒன்பது மணிவரை தீர்ப்புச் சொல்லி எழுத வைத்தல் என்று அந்த மனிதர் ஓடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். வேலை குறைய வேண்டிய நேரத்தில் பட்டியல் குறையவில்லை. கைகள் கூட வேண்டிய நேரத்தில் கைகள் குறைந்தன.

அந்தக் கட்டுகளில் ஒன்று நிலம் கையகப்படுத்தியதற்கான இழப்பீட்டு மேல்முறையீடு. ஏறத்தாழ நாற்பது கிரயப் பத்திரங்கள் சான்றாவணங்களாக இருந்தன. எந்தப் பத்திரத்தில் உள்ள நிலம் கையகப்படுத்திய நிலத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த ஆண்டு விற்கப்பட்டது, நஞ்சையா புஞ்சையா, மனையாகப் பிரித்ததா என்று அட்டவணை போட்டுக் கொடுக்கும்படி என்னிடம் சொல்லியிருந்தார் நீதிபதி. ஆறு நாட்கள் நடந்த வாதத்தில் இரு தரப்பும் மேற்கோள் காட்டிய முன்தீர்ப்புகளையும் அதோடு சேர்த்து எழுதி, ஒரு நீளக் குறிப்பேட்டில் எழுபது பக்கங்கள் தயாரித்திருந்தேன். வழக்குத் தொடுத்தவர்களில் ஒரு முதியவர், தம் வழக்கறிஞர் வர வேண்டாம் என்று சொன்ன நாட்களிலும் வந்து, நீதிமன்ற அறையின் கடைசி வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய மொழி எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கடைசி வாரத்தில் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்து, எழுதி முடித்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லாததால் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனேன்.

எழுதி முடிக்கவில்லை. ஒத்திவைத்தவற்றில் பெரும்பாலானவற்றை அவர் முடித்துவிட்டார், ஏழு மிஞ்சின, அந்த ஏழில் அதுவும் ஒன்று. அவை மீண்டும் பட்டியலிட அனுப்பப்பட்டன, அதாவது இன்னொரு நீதிபதி முன் முதல் எழுத்திலிருந்து வாதாட வேண்டும். என் குறிப்பேட்டை எங்கே ஒப்படைப்பது என்று கேட்டேன். அறையைக் காலி செய்ய வந்திருந்தவர்களுக்கு அதைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை. கட்டோடு வைக்கலாமா என்றேன். நீதிமன்ற ஆவணம் இல்லாத எதையும் கட்டில் வைக்கக் கூடாது என்றார்கள், அதுவும் சரிதான். மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன். அந்த மேல்முறையீடு ஓராண்டுக்கு மேல் கழித்து வேறொரு நீதிபதியிடம் வந்ததாகவும், அந்த நாற்பது பத்திரங்களையும் மறுபடி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்ட வேண்டியிருந்ததாகவும் பின்னாளில் அந்த ஊர் வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். முதியவரைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

இது எங்கோ வெளி மாநிலத்தில் நடந்தது என்று ஒதுக்கிவிட முடியாதபடி, நம் நீதிமன்றத்தின் பெயரோடு சேர்ந்த ஒரு நிகழ்வும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 2017 ஏப்ரல் 17 அன்று ஒரு குற்றவியல் வழக்கில் முடிவை மட்டும் ஒற்றை வரியில் அறிவித்தார். மே 26 அன்று ஓய்வு பெற்றார். இருநூற்றைம்பது பக்கங்களைத் தாண்டிய விரிவான தீர்ப்பு அவர் பதவி விலகி ஏறத்தாழ ஐந்து மாதங்கள் கழித்தே வெளிவந்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதவிக்காலம் முடிந்தபின் ஐந்து மாதங்கள் வழக்குக் கோப்பை வைத்திருந்தது கடுமையான முறைகேடு என்று கூறி, அந்தத் தீர்ப்பை நீக்கி, வழக்கைப் புதிதாக விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. ஓய்வுக்கு முன்பு ஐந்து வாரங்கள் கையில் இருந்தனவே என்றும் அது சுட்டிக்காட்டியது. வழக்கின் இரு தரப்பையும் எண்ணிப் பாருங்கள்: ஏழாண்டுகள் கழித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறார்கள். அந்த நீதிபதியை மறுபடி குற்றம் சொல்வது என் நோக்கமன்று. ஓய்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது இருநூற்றைம்பது பக்கத் தீர்ப்பு எழுதப்பட வேண்டியிருக்கிறது என்றால், அதை நீதிமன்ற நிர்வாகத்தில் யாராவது ஒருவர் அறிந்து, உதவிக்கு இருவரை அனுப்பியிருக்க வேண்டாமா என்பதே என் கேள்வி.

ஒத்திவைத்த தீர்ப்புகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் பலமுறை பேசிவிட்டது. 2001-இல் அனில் ராய் வழக்கில், மூன்று மாதங்களில் தீர்ப்பு வராவிட்டால் விரைவில் வழங்கக் கோரி மனுச் செய்யலாம், ஆறு மாதங்களாகிவிட்டால் வழக்கை வேறு ஆயத்துக்கு மாற்றும்படி தலைமை நீதிபதியிடம் கேட்கலாம் என்று வழி வகுத்தது. ஜார்க்கண்டில் ஆயுள் தண்டனைக் கைதிகளின் மேல்முறையீடுகள் விசாரணை முடிந்தும் ஆண்டுக்கணக்கில் தீர்ப்பின்றிக் கிடந்ததைக் கண்டு, 2025 மே மாதத்தில் எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் அந்த ஆண்டு ஜனவரி 31-க்குள் ஒத்திவைத்து இன்னும் வழங்காத தீர்ப்புகளின் பட்டியலைக் கேட்டது. இவையெல்லாம் பதவியில் தொடரும் நீதிபதிகளுக்குப் பொருந்தும் மருந்துகள். ஓய்வு பெறப் போகும் நீதிபதியின் அறையில் ஆறு மாதம் என்ற கெடுவுக்கே இடமில்லை. நவம்பரில் விடைபெறுபவர் அக்டோபரில் ஒத்திவைக்கும் வழக்குக்கு ஆறு வாரம்தான் ஆயுள்.

ஆகவே சில வேண்டுகோள்களை வைக்கிறேன். உதவியாளர் பணிக்கு அறிவிப்பு வெளியிடும்போதே, எந்தெந்த நீதிபதிகளிடம் இடம் இருக்கிறது, அவர்கள் ஒவ்வொருவருக்கும் எஞ்சியுள்ள பதவிக்காலம் எவ்வளவு என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். பிறந்த தேதிகள் நீதிமன்ற இணையதளத்திலேயே இருப்பவைதான். இதில் இரகசியம் எதுவும் இல்லை. உச்ச நீதிமன்றத்தில் இந்தப் பணிக்கு 2025-இல் எழுத்துத் தேர்வு வைத்து, மாதம் 80,000 ரூபாய் தொகுப்பூதியம் என்று அறிவித்தார்கள். அந்த வாய்ப்பை விட்டுவிட்டுச் சொந்த மாநில நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து வரும் பிள்ளைகளுக்கு இந்த அளவு தகவலாவது நாம் கடன்பட்டிருக்கிறோம். தென்காசியிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ சென்னைக்கு வந்து, ஓராண்டு வாடகைக்கு ஒப்புக்கொண்டு, திருவல்லிக்கேணியில் அறை எடுக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நான்கு மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதைத் தாங்கள் அறியாதவர்கள் அல்லர்.

அதைவிட முக்கியமானது ஒப்பந்தம் யாரோடு என்பது. உதவியாளரின் ஒப்பந்தம் நீதிபதியின் பதவிக்காலத்தோடு கட்டப்படாமல், நீதிமன்றத்தோடு முழு ஆண்டுக்குக் கட்டப்படட்டும். நீதிபதி ஓய்வு பெற்றால், அவருடைய உதவியாளர்கள் தலைமைப் பதிவாளரின் பொறுப்பில் ஒரு பொதுத் தொகுப்புக்கு வரட்டும். எழுதி முடியாமல் மிஞ்சிய வழக்குகள் எந்த நீதிபதியிடம் போகின்றனவோ, முதல் இரண்டு மாதங்கள் அந்த அறைக்கு அவர்கள் போகட்டும். நாற்பது பத்திரங்களையும் ஏற்கெனவே படித்த ஒருத்தி அந்தப் புதிய நீதிபதியின் பக்கத்தில் இருந்திருந்தால், அந்த மேல்முறையீட்டில் எத்தனை நாட்கள் மிச்சமாகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும்; அது எடை உள்ள ஆட்சேபம். நீதிபதிக்கும் உதவியாளருக்கும் இடையில் நடப்பது நம்பிக்கையின் பாற்பட்டது. ஒரு நீதிபதி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தார் என்ற செய்தி அவருடைய உதவியாளர் வழியாக இன்னொரு நீதிபதியின் காதுக்குப் போவது, புதிதாகக் கேட்க வேண்டிய வழக்கைப் பழைய கண்ணாடி வழியாகப் பார்க்க வைத்துவிடும். இந்த அச்சத்தை நானும் பகிர்ந்துகொள்கிறேன். அதனால்தான் குறிப்புகளை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். தேதி வரிசை, சான்றாவண அட்டவணை, சாட்சியங்களின் பக்க எண்கள், இரு தரப்பும் காட்டிய முன்தீர்ப்புகள், எழுப்பிய வாதங்கள் ஆகியவை வழக்கைச் சேர்ந்தவை. அவற்றை ஒரே படிவத்தில் எழுதி, வழக்கு எண்ணின் கீழ், நீதிபதிகள் மட்டும் பார்க்கக்கூடியபடி நீதிமன்றக் கணினியில் சேமித்து வைக்கலாம். நீதிபதி என்ன நினைத்தார், எதை ஏற்றார், எந்த வரைவை எழுதிக் கிழித்தார் என்பவை அவரைச் சேர்ந்தவை. அவை அவரோடு போக வேண்டும், உதவியாளர் அவற்றை வாழ்நாள் முழுதும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. நானும் சொன்னதில்லை. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கற்றுக்கொடுத்தால், இருபத்து மூன்று வயதுப் பட்டதாரியாலும் அதைக் காக்க முடியும்.

மூன்றாவது வேண்டுகோளைத் தலைமை நீதிபதி அவர்களிடமே வைக்க வேண்டும், ஏனென்றால் எந்த வழக்கு யாரிடம் போகும் என்று பிரிக்கும் அதிகாரம் தங்களுக்கு மட்டுமே உரியது. ஒரு நீதிபதியின் கடைசி மூன்று மாதங்களில் நாள்கணக்கில் வாதம் நடக்கக்கூடிய இறுதி விசாரணைகளை அவர் முன் பட்டியலிடாதீர்கள். கடைசி மாதத்தில் புதிய வழக்கு எதையும் ஒத்திவைக்க வேண்டிய நிலை வராதபடி, அன்றே தீர்க்கக்கூடிய மனுக்களையும் விசாரணைக்கு ஏற்கலாமா என்று பார்க்கும் சேர்க்கை நிலையில் உள்ளவற்றையும் மட்டும் தாருங்கள். அதே மூன்று மாதங்களுக்கு, பொதுத் தொகுப்பிலிருந்து கூடுதலாக இரண்டு உதவியாளர்களையும் ஒரு சுருக்கெழுத்தரையும் அந்த அறைக்கு அனுப்புங்கள். ஓய்வு நாள் வரை அவர்களில் யாருக்கும் மாற்றல் வேண்டாம். மே மாதக் கோடை விடுமுறையை ஒட்டி ஓய்வு பெறுபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. அவர்களுடைய கடைசி வேலை நாள் உண்மையில் ஏப்ரல் முடிவிலேயே வந்துவிடுகிறது என்பதை நாட்காட்டி போடுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. நாடாளுமன்றம் வரை போக வேண்டியதும் இல்லை. உயர் நீதிமன்றம் தன் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு ஒரு சுற்றறிக்கையில் செய்துவிடக்கூடியவை இவை. செலவென்று பார்த்தால் சில உதவியாளர்களின் சில மாதத் தொகுப்பூதியம். ஒரு மேல்முறையீட்டை இரண்டு முறை கேட்பதற்கு நீதிமன்றமும் கட்சிக்காரர்களும் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் அது எந்த மூலைக்கு?

அனுமதிக்கப்பட்ட 75 நீதிபதி இடங்களைக் கொண்ட நீதிமன்றம் இது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் யார் யார் எந்தெந்தத் தேதியில் விடைபெறுகிறார்கள் என்ற கணக்கு தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே இருக்கும். அந்தப் பட்டியலில் முதலில் வரும் நீதிபதியின் அறையிலிருந்தே இதைத் தொடங்கலாம். அவர் முன் ஒத்திவைப்பில் இருக்கும் வழக்குகளின் பட்டியலையும், அந்த அறையில் இருக்கும் உதவியாளர்களின் ஒப்பந்தம் முடியும் நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி பணிவோடு வேண்டுகிறேன். நேரில் விளக்க அழைத்தால் எந்த நாளிலும் வரத் தயாராக இருக்கிறேன்; நான் குறிப்பிட்ட படிவத்தின் மாதிரி ஒன்றையும் எழுதி வைத்திருக்கிறேன், கையோடு கொண்டு வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மதுரை அமர்வில் வழக்காடும் வழக்கறிஞர் ஒருவர்